சாதாரண மனிதனுக்கு மரணசாசனம் எதற்கு?

மரணசாசனம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவருள் பலருக்கு ஒரு காட்சி மனக்கண்முன் தோன்றுகிறது. நாற்சார் வீடு; வன்னியிலே நூறு ஏக்கர் வயல்; கொழும்பிலே நாலு கடை; இரும்புப் பெட்டியின் திறப்பைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் கிழவர்; அவருடைய மூச்சையும் நொத்தாரிசு வரும் வழியையும் மாறிமாறிப் பார்த்து நிற்கும் சுற்றத்தார். நாடகங்களும் கதைகளும் நமக்குத் தீட்டித் தந்த படம் இது. ஆகவேதான் ஒரு பள்ளி ஆசிரியரிடமோ, கமக்காரரிடமோ, கடைச் சிப்பந்தியிடமோ இதுபற்றிப் பேச்செடுத்தால் அவர் சிரித்துவிடுகிறார். "எழுதி வைக்க என்னட்டை என்ன கிடக்கு?" என்பதே அவருடைய விடை.

என்ன கிடக்கிறது என்று நாம் கணக்கெடுத்துப் பார்ப்போம். நாலு பரப்புக் காணி. அதிலே கடன்பட்டுக் கட்டி இன்னும் பூச்சு முடியாத வீடு. அயலவரோடு பங்கான கிணறு. மனைவியின் கழுத்திலும் அடகுக் கடையிலுமாகக் கிடக்கும் சில பவுண் நகை. சேமலாப நிதியிலே சேர்ந்த ஒரு தொகை. இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்பதே நாம் கவனிக்கவேண்டிய விஷயம். பத்து வீடுள்ளவனின் குடும்பத்திலே வழக்கு மூண்டால், வழக்கு முடியும்வரை அவர்கள் மற்ற ஒன்பதில் குடியிருப்பர். ஒரே வீடுள்ளவனின் குடும்பத்திலே வழக்கு மூண்டால் அவர்கள் எங்கே குடியிருப்பது? செல்வருக்குச் சட்டத்தரணி உண்டு, கணக்காளர் உண்டு. மரணம் வருமுன்பே எல்லாம் பிரித்து எழுதப்பட்டாயிற்று. எழுதாமல் இறப்பவன் ஏழையே.

நம்மோடு ஒத்த கருத்துடைய நண்பர்கள் எழுப்பும் தடை இன்னொன்றுண்டு. வாரிசுரிமை என்பதே சமத்துவமின்மையின் வேர்களுள் ஒன்று. உழைக்காதவன் கையிலே உழைப்பின் பயனைச் சேர்க்கும் ஏற்பாடு அது. அதை ஒழுங்காகச் செய்யும்படி மக்களுக்கு உபதேசிப்பது முற்போக்காளரின் வேலையா என்று அவர்கள் கேட்கிறார்கள். இது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று. இதற்கு நாம் பின்னர் வருவோம். முதலில், எழுதாமல் இறந்தால் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

எழுதாமல் இறப்பவன் முடிவைத் தன் மக்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுச் செல்வதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் அதைச் சட்டத்துக்கு விட்டுச் செல்கிறான். அந்தச் சட்டமும் இந்நாட்டில் ஒன்றன்று. மட்டக்களப்பிலோ மலைநாட்டிலோ வாழும் தமிழர் ஒருவர் இறந்தால், பொதுச் சட்டமாகிய 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, உயிரோடிருக்கும் துணைக்குப் பாதியும், பிள்ளைகளுக்கு ஆண், பெண் பேதமின்றி மறுபாதியும் சேரும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவரின் நிலை வேறு. அங்கே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூவகைப்படும். கணவன் தேடிய தேட்டத்திலே மனைவிக்குப் பங்குண்டு. ஆனால் அவனுடைய முதுசக் காணி பிள்ளைகளுக்கே இறங்கும். பிள்ளைகள் இருக்கும்போது மனைவி அதற்கு வாரிசல்லள். நாற்பது ஆண்டு அவள் கூட்டிப் பெருக்கிய முற்றம் கணவனின் தாய்வழி வந்த நிலமாயின், அவன் கண்மூடிய மறுநாள் அவள் தன் பிள்ளைகளின் நிலத்திலே குடியிருப்பவள் ஆகிறாள். பிள்ளைகள் நல்லவர்களாயின் குறையில்லை. மருமக்களும் நல்லவர்களாயின் இன்னும் நன்று.

தேசவழமையை நாம் பழிக்கவில்லை. தாய்வழிச் சொத்து மகளுக்கு என்ற அதன் பழைய நெறியில் பெண்ணுக்கு ஒரு பிடி மண்ணேனும் உறுதியாயிற்று; அயல்நாட்டுப் பெண்கள் பலருக்கு அதுவும் இல்லாதிருந்த காலம் அது. எனினும் அது எழுத்தானது 1706இல். யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் அதைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்வையிட்டுச் சரியென்றனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். கேட்கப்பட்ட பன்னிருவரும் ஆண்கள், பன்னிருவரும் காணியுடையோர். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் தம் வீட்டுக்குப் பொருந்துமெனக் கண்ட ஒழுங்கு, இன்று ஒரு தாதியின் வீட்டுக்கோ பேருந்துச் சாரதியின் வீட்டுக்கோ தானே பொருந்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

எந்தப் பொதுச் சட்டத்தாலும் காணமுடியாத ஒன்றுண்டு. வீட்டுக்குள்ளே யார் என்ன செய்தார் என்பதை அது காணாது. நாலு பிள்ளைகள். மூவர் மணம் முடித்துப் போயினர். ஒருவர் கனடாவில், ஒருவர் பாரிசில், ஒருவர் வெள்ளவத்தையில். மணமாகாத ஒரு மகள் வீட்டிலே நின்றாள். தந்தையின் பக்கவாதம் எட்டு ஆண்டு; தாயின் மறதி நோய் ஆறு ஆண்டு. படுக்கை மாற்றியவள் அவள். இரவு விழித்தவள் அவள். வந்த உத்தியோகத்தை வேண்டாமென்று எழுதியவளும் அவளே. பெற்றோர் ஒன்றும் எழுதாமல் மறைந்தால், அவளும் நாலில் ஒரு பங்காளி. சட்டம் அநியாயம் செய்யவில்லை, சமமாகவே பிரிக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவத்தின் பெயரால், வீடு விற்கப்பட்டுக் கிடைக்கும் கால் பங்குப் பணத்தோடு ஐம்பத்தைந்து வயதில் அவள் வாடகை அறை தேடுகிறாள். வீட்டு வேலை என்பது கூலியில்லா உழைப்பு என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவ்வுழைப்பை அங்கீகரிக்கும் வாய்ப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தடவை கிடைக்கிறது. அந்த இடத்திலே நாம் மௌனம் சாதிக்கிறோம்.

அவளுக்காவது கால் பங்குண்டு. கால் பங்கும் இல்லாதோர் உளர். 2004இன் கடற்கோளிலும் 2009வரை நடந்த போரிலும் பெற்றோரை இழந்த குழந்தைகளை எத்தனையோ வீடுகள் எடுத்து வளர்த்தன. 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச்சட்டப்படி நீதிமன்றம் சென்று ஏற்றுக்கொண்டவர்கள் சிலர், "பிள்ளைக்கும் எங்களுக்குமிடையில் கோடு எதற்கு?" என்று விட்டவர்கள் பலர். அன்பினாலே விட்டார்கள். ஆனால் வளர்த்தவர் இறந்த அன்று, ஒருநாளும் எட்டிப்பாராத மருமகன் வாரிசாகிறான். மடியில் வளர்ந்த பிள்ளை அயலான் ஆகிறான். பதிவும் சடங்கும் இல்லாது ஒரு குடையின்கீழ் வாழ்ந்த துணைக்கும், மனைவியின் முதற் கணவனுக்குப் பிறந்த பிள்ளைக்கும் இதே கதிதான். இவர்களைக் காப்பாற்றக்கூடியது ஒரு தாள்.

இனி நண்பர்களின் தடைக்கு வருவோம். 1848ஆம் ஆண்டு வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையின் பத்து அம்சங்களுள் மூன்றாவது, வாரிசுரிமையை ஒழிக்கவேண்டும் என்பது. உண்மை. ஆனால் 1869இல் பாசெல் நகரிலே கூடிய அகிலத்தின் மாநாட்டில், வாரிசுரிமை ஒழிப்பையே சமூகப் புரட்சியின் தொடக்கமாகக் கொள்ளவேண்டும் என்று பக்குனின் அணியினர் வாதித்தபோது, அதை மறுத்து அறிக்கை எழுதியவர் மார்க்ஸ். வாரிசுச் சட்டம் உற்பத்திச் சாதனங்களின் தனியுடைமையிலிருந்து விளையும் விளைவேயன்றி அதற்குக் காரணமன்று என்பது அவருடைய நிலை. 1918 ஏப்ரலில் சோவியத் அரசு வாரிசுரிமையை ஒழித்து ஆணை பிறப்பித்தபோதும், பத்தாயிரம் ரூபிளுக்கு உட்பட்ட வீடும் தட்டுமுட்டும் தொழிற் கருவியும் குடும்பத்தாரின் கையிலேயே விடப்பட்டன. உழைக்க இயலாத உறவினருக்குப் பராமரிப்பும் வகுக்கப்பட்டது. தோட்டத்தையும் தொழிற்சாலையையும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றுவது வேறு. தாயின் தலைக்கு மேலுள்ள கூரை பறிபோகாமற் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே கோலால் அளப்பது கோட்பாட்டுத் தூய்மையன்று, சோம்பல். குடும்பத்தையும் தனிச் சொத்தையும்பற்றி 1884இல் அந்தப் புகழ்பெற்ற நூலை எழுதிய ஏங்கெல்ஸ், 1893இல் தமது மரணசாசனத்தையும் எழுதிவைத்தார். மார்க்சின் மகளிருக்கும் ஜெர்மன் கட்சியின் தேர்தற் செலவுக்கும் அதிலே இடமிருந்தது.

நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. 1844ஆம் ஆண்டுச் சட்டம் மரணசாசனம் எழுதுவோனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற சுதந்திரத்தைத் தந்தது. பெற்ற பிள்ளையையும் கட்டிய மனைவியையும் முற்றாக விலக்கி எழுதலாம். சாதி மாறி மணம் முடித்த மகளை, மதம் மாறிய மகனை, சொன்ன சொல் கேளாத தம்பியைத் தண்டிக்கும் கோலாக இது பலமுறை பயன்பட்டிருக்கிறது. இறந்தவன் கை நீண்டு வந்து உயிரோடிருப்பவரின் கழுத்தைப் பிடிப்பதை நாம் ஆதரிக்க முடியாது. ஆகவே எழுதவேண்டும் என்று மட்டும் சொல்லி நாம் நிறுத்தமாட்டோம். யாரை நினைத்து எழுதுகிறோம் என்பதே கேள்வி. வீட்டிலே ஆகப் பலவீனமானவர் யார், நமக்குப் பின் அவர் எங்கே படுப்பார் என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் மரணசாசனம் வேறு. யார் என்னை மதிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குவது வேறு.

பெண்களைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் ஈடுவைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. தன் தாய் தந்த சீதனக் காணிக்கும் இதுவே விதி. நூறு ஆண்டுக்கு மேலாக இந்த விதி எத்தனை பெண்களின் கையைக் கட்டியது! போரின்போது கணவன் காணாமலாக்கப்பட்ட பெண், கையொப்பமிட ஆளில்லாமல் மாவட்ட நீதிமன்றப் படியேறினாள். அவள் விதவையென்று சொல்ல அவளுக்கே மனம் வராது. மனைவியென்று சொன்னால் கணவனின் கையொப்பம் கேட்பார்கள். 2016இல் வந்த சட்டத்தின் மூலம், இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணப்படாமைச் சான்றிதழ் பெற்றுக் குடும்பக் கருமங்களைப் பார்க்க ஒரு வழி திறந்தது. அதற்குள் போர் முடிந்தே ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஆனால் அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவிலே, பலர் கவனியாத ஒரு வரி இருக்கிறது. விற்கச் சம்மதம் வேண்டும். நன்கொடை கொடுக்கச் சம்மதம் வேண்டும். மரணசாசனத்தால் கொடுப்பதற்கு மட்டும் சம்மதம் வேண்டியதில்லை. தன் நிலத்தைப்பற்றி ஒரு பெண் எந்த ஆணின் கையொப்பமும் இல்லாமல் முடிவு செய்யும்படி அச்சட்டம் விட்டுவைத்த ஒரே தாள் இதுதான். அந்த விதியை நீக்கவேண்டும் என்று பெண்கள் அமைப்புக்கள் நெடுங்காலமாகக் கோரி வந்திருக்கின்றன. நாமும் அக்கோரிக்கையோடு நிற்கிறோம். அதற்கிடையில், விட்டுவைத்த வாசலையும் நம் பெண்கள் பயன்படுத்தாதிருப்பதற்குக் காரணம் அறியாமையன்றி வேறில்லை. ஆசிரியைகள் தம் மாணவியரின் தாய்மாருக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே போதும்.

எழுதும் முறை கடினமானதன்று. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையொப்பமிடலாம். நொத்தாரிசு இல்லையாயின் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருந்து ஒப்பமிடவேண்டும். பயன் பெறுபவரைச் சாட்சியாக்குவது தகாது. எழுதிய பின்னர் மணம் முடித்தால் முன்னெழுதியது செல்லாது. இங்கே ஒன்றை நினைவூட்டுவோம். அதே 1840இலேதான் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் பிறந்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குச் சொந்தம் என்று கொள்ளவைத்த சட்டம் அது. தாளில்லாத கிராமத்தானின் நிலம் இவ்வாறு கோப்பித் தோட்டமாயிற்று. தாள் என்பது இந்நாட்டில் என்றுமே ஆளும் வர்க்கத்தின் ஆயுதமாக இருந்தது. அந்த ஆயுதம் தமக்கு வேண்டாமென்று ஏழைகள் தாமாகவே ஒதுங்குவதில் நாம் பெருமை காணவில்லை.

பிரிக்கப்படாத பங்குகளின் கதையை யாழ்ப்பாணத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மேலே சொன்ன நாலு பரப்பு என்பது நாற்பது பேர்ச். நாலு பிள்ளைக்குப் பத்துப் பத்து. அவர்களுக்கும் நந்நாலு பிள்ளைகளாயின் தலைக்கு இரண்டரைப் பேர்ச். ஒரு மாட்டுக் கொட்டிலுக்குக் காணும். அந்தப் பதினாறு பேரில் ஒன்பதுபேர் நாலு கண்டங்களில். ஒருவரின் கையொப்பத்துக்காக அட்டோர்ணித் தத்துவம் தபாலில் வரக் காத்திருக்கவேண்டும். இன்னொருவர் எங்கிருக்கிறார் என்பதே தெரியாது. ஒருவர் வேலியைத் தள்ளிப் போடுகிறார். மற்றவர் பனையை எண்ணுகிறார். பிறகு 1977ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு. வழக்குத் தொடுத்தவரின் பேரன் தீர்ப்பைக் கேட்பான். ஒரு காலத்தில் அப்புக்காத்துமாரின் மாடிவீடுகள் பல இத்தகைய வேலிகளிலிருந்தே எழுந்தன. 1995இல் வலிகாமத்தை விட்டு ஓடியவர்களும், 1990இல் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களும் உறுதிகளைத் தொலைத்தபோது, இந்தச் சிக்கல் பன்மடங்காயிற்று. பத்து ஆண்டு எதிராட்சி செய்தவனுக்கு நிலம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் தனிச்சட்டம் இயற்றவேண்டி நேர்ந்தது.

சிலர் மரணசாசனத்தை வேண்டாமென்று, உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிவிடுகிறார்கள். மகன் கேட்கிறான், வங்கிக் கடன் என்கிறான், தாய் கைநாட்டு இடுகிறாள். சீவிய உரித்தை ஒதுக்கி எழுதாத தாய், அன்றிலிருந்து தன் வீட்டில் விருந்தாளி. சில இடங்களில் விருந்தாளியாகவும் இல்லை. பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டு மூத்தோர் உரிமைச் சட்டம் விதிக்கிறது. கொடிய நன்றியீனம் கண்டவிடத்து நன்கொடையை நீக்க 2017இல் ஒரு சட்டம் வந்தது. மகனுக்கெதிராக நீதிமன்றம் ஏறும் தாய் எத்தனை பேர்? மரணசாசனத்தை நாளைக்கு மாற்றலாம். நன்கொடையை எளிதில் மாற்ற முடியாது. இதை அறியாமல் கைநாட்டு வாங்கும் நொத்தாரிசுமாரும், சொல்லாமல் வாங்கும் நொத்தாரிசுமாரும் நம்மிடையே உளர்.

அரச காணியிலே குடியேறியவர்களின் நிலை தனி. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர், தமக்குப் பின்னுரித்தாளர் யார் என்று பெயர் குறிக்கலாம். குறிக்காவிட்டால் மகளுக்கு முன் மகன், இளையவனுக்கு முன் மூத்தவன் என்பது அச்சட்டத்தின் அட்டவணை. 2022இல் ஆண்–பெண் வேறுபாடு நீக்கப்படும்வரை, கிளிநொச்சியிலும் பதவியாவிலும் கல்லோயாவிலும் தந்தையோடு வயலில் நின்ற மகள்கள் இந்த அட்டவணையால் வெளியேறினார்கள். ஒரு படிவத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அவர்களுட் பலர் அங்கேயே நின்றிருப்பர்.

மலையகத் தோட்டத்திலே எழுதுவதற்கு நிலமே இல்லை. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். ஐந்து தலைமுறை அதிலே பிறந்தும் இறந்தும் ஒருவரும் அதை ஒருவருக்கும் விட்டுச்செல்ல முடியவில்லை. ஏழு பேர்ச் என்றும் பத்துப் பேர்ச் என்றும் அறிவிப்புகள் வந்தன. வீடு கிடைத்த குடும்பங்களிலும் பல, உறுதியில்லாமலே நெடுநாள் குடியிருந்தன. அந்தப் போராட்டம் வேறு. அதற்கு மரணசாசனம் மருந்தாகாது. ஆனால் கொழுந்து பறித்த கையின் சேமலாப நிதி என்று ஒன்றுண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அந்தப் பணத்துக்கு, தமக்குப் பின் பெறவேண்டியவரைத் தொழிலாளி பெயர் குறித்து வைக்கலாம். இங்கேதான் பிறப்பத்தாட்சியில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் ஒரு பெயரும், தோட்டத்துச் செக்றோலில் மூன்றாவது பெயருமாக ஒரே ஆள் மூவராக நிற்கிறார். கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார், திருத்துவாரில்லை. தாய் இறந்தபின் மகள் மூன்று பெயரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க, நாட்கூலியை இழந்து நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் அலைகிறாள். தோட்டப் பாடசாலையிலே படிப்பிக்கும் நண்பர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள மூன்று தாள்களையும் கொண்டுவரச் சொல்லி, பெயர்களை ஒருமுறை ஒப்புநோக்கிப் பார்க்கலாம். தாய் உயிரோடிருக்கும்போது அந்தத் திருத்தத்துக்கு அவளே வந்து கையொப்பமிடுவாள்.